பழைய செயின்சாவைச் சரிசெய்வதா, புதுசு வாங்குவதா, மெஷின்காரரைக் கூப்பிடுவதா?

உசிலம்பட்டியில் ஒரு பழைய இரும்புக் கடையில் செயின்சா, அதாவது மரம் அறுக்கிற பெட்ரோல் மெஷின், ஒன்று கிடக்கிறது, ஆறாயிரம் சொல்கிறார்கள், வாங்கி வேலை பார்த்தால் ஓடுமா என்று கேட்டு தங்கச்சி வீட்டுக்காரர் போன வாரம் போட்டோ அனுப்பியிருந்தார். ஆரஞ்சு நிற மூடி, அதன்மேல் விரல் கனத்துக்கு ஆயிலும் மரத்தூளும் சேர்ந்து இறுகிய அழுக்கு, துருப்பிடித்த பார் (செயின் சுற்றி ஓடுகிற நீளமான தகடு). எண் ஒன்றும் தெரியவில்லை. "மாப்ள, அது என்ன மெஷின்னு தெரியாம நான் எதுவும் சொல்ல முடியாது, ஒரு பழைய பல் பிரஷ்ல டீசலைத் தொட்டுத் தேச்சுட்டு மறுபடி போட்டோ எடுங்க" என்று சொல்லிவிட்டு, அப்புறம் உட்கார்ந்து இதை விரிவாகவே எழுதிவிடலாம் என்று தோன்றியது, ஏனென்றால் இதே கேள்வியை வருஷத்துக்கு நாலு பேராவது கேட்கிறார்கள்.

அவருக்கு வாடிப்பட்டி பக்கம் மூன்று ஏக்கர். தென்னை, வேலியோரம் சீமைக் கருவேலம், கிணற்று மேட்டில் இரண்டு மூன்று வேம்பு. அவர் முன்னால் இருக்கிற வழிகள் நான்கு: இந்தப் பழசை வாங்கிச் சரிசெய்வது, ஏழாயிரம் எட்டாயிரத்துக்குக் கிடைக்கிற சீன 58 சிசி மெஷின், இருபதாயிரத்துக்கு மேல் போகிற நல்ல கம்பெனி சின்ன மெஷின், இல்லையென்றால் எதையும் வாங்காமல், சொந்த மெஷினோடு வந்து மரம் அறுத்துக் கொடுக்கிற மெஷின்காரரைக் கூப்பிட்டு நாள் கூலி கொடுத்துவிடுவது.

கடைசி வழியிலிருந்தே ஆரம்பிக்கிறேன், பலருக்கு அதுவே போதும். எங்கள் பக்கம் நான் கடைசியாகக் கொடுத்தது ஒரு நாளைக்கு 2,000 ரூபாய், பெட்ரோல் ஆயில் அவருடையது. வருஷத்தில் நாலைந்து நாள்தான் மரம் அறுக்கிற வேலை என்றால் சொந்த மெஷின் வேண்டியதில்லை, அது சும்மா கிடந்தே கெட்டுப்போகும். அதிலும் வீட்டுக் கூரைக்கோ கரண்ட் கம்பிக்கோ பக்கத்தில் நிற்கிற தென்னையை நீங்களே சாய்க்க நினைக்காதீர்கள். எந்தப் பக்கம் சாயும், எங்கே கயிறு கட்ட வேண்டும் என்று அவர் பார்க்கிற பார்வைக்குத்தான் அந்தக் காசு. இதில் ஒரு சிக்கல், எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தேவைப்படுவது. ஆடிக் காற்றில் நாலு மரம் விழுந்தால் ஊரே அவரைத் தேடும். 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது எங்களுக்குத் தெரிந்த மெஷின்காரர்கள் எல்லோரும் பட்டுக்கோட்டை, புதுக்கோட்டைப் பக்கம் போய்விட்டார்கள், இங்கே பாதையில் விழுந்த புளியமரத்தை அரிவாளும் ரம்பமும் வைத்து இரண்டு நாள் போராடி எடுத்தோம். நான் மெஷின் வாங்கியதே அதனால்தான்.

சரி, பழைய மெஷின். இதில் முதல் வேலை அடையாளம் கண்டுபிடிப்பது. மூடியின் நிறத்தையும் ஸ்டிக்கரையும் நம்ப வேண்டாம், ஆரஞ்சும் வெள்ளையும் பெயிண்ட் அடித்து எந்த மெஷினையும் ஸ்டில் கம்பெனி மெஷின் என்று சொல்லலாம், ஸ்டிக்கர் தனியாகவே விற்கிறார்கள். உடம்பைப் பாருங்கள். ஸ்டில் மெஷினில் பிளாஸ்டிக் பாகங்களிலும் உலோகப் பாகங்களிலும் வார்ப்பிலேயே ஒரு நீளமான எண் இருக்கும், அதில் முதல் நாலு இலக்கம் அந்த மெஷின் எந்தக் குடும்பம் என்று சொல்லிவிடும். 1119 என்றால் 038 என்கிற மாடல், அதன் வாரிசான எம்எஸ் 380, 381. 1130 என்றால் 017, 018, எம்எஸ் 170, 180. 1123 என்றால் 021, 023, 025, எம்எஸ் 250. 1106 என்றால் அந்தப் பெரிய 070. பூஜ்யத்தில் தொடங்கும் மூன்று இலக்கப் பெயர்கள் பழைய தலைமுறை, எம்எஸ் என்பது அதற்கு அப்புறம் வந்தது. ஒரே ஒரு பாகத்தில் எண்ணைப் பார்த்துவிட்டு முடிவு கட்டக்கூடாது, ஏனென்றால் மூடி ஒரு மெஷினிலும் டேங்க் இன்னொரு மெஷினிலும் இருந்து வந்து சேர்ந்திருக்கலாம். மூன்று இடத்திலாவது ஒரே நாலு இலக்கம் இருக்கிறதா என்று பாருங்கள். அது தவிர உலோக உடம்பில் அடித்த சீரியல் எண் தனியாக இருக்க வேண்டும், அதை அரம் போட்டுத் தேய்த்திருந்தால் அந்த மெஷின் யாருடையதோ, தொடவேண்டாம்.

பழைய ஹஸ்க்வர்னா கம்பெனி மெஷின்களில் கணக்கு இன்னும் சுலபம், பெயரின் கடைசி இரண்டு இலக்கம் கிட்டத்தட்ட சிசி. 61, 268, 272 என்பவை முறையே அறுபத்தொன்று, அறுபத்தேழு, எழுபத்திரண்டு சிசிக்குப் பக்கத்தில் வரும். எந்தக் கம்பெனி என்றே தெரியாத மெஷின் என்றால் வெர்னியர் எடுத்து அளக்க வேண்டியதுதான். பிஸ்டன் விட்டத்தை அதே விட்டத்தால் பெருக்கி, அதை 0.785-ஆல் பெருக்கி, பிஸ்டன் மேலும் கீழும் ஓடுகிற தூரத்தால் பெருக்கி, ஆயிரத்தால் வகுத்தால் சிசி வந்துவிடும், எல்லாம் மில்லிமீட்டரில். இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தால் 58 சிசி என்று எழுதி விற்கிற சீன மெஷின்கள் பெரும்பாலும் 45.2 மில்லிமீட்டர் பிஸ்டன், 34 மில்லிமீட்டர் ஓட்டம், அதாவது 54.5 சிசிதான்.

இந்த எண் ஏன் இவ்வளவு முக்கியம் என்று என் மெஷினே எனக்குக் காட்டியது. நான் வாங்கியது 1119 குடும்பத்து 038. அந்த உடம்பில் 48, 50, 52 என்று மூன்று பிஸ்டன் அளவு வந்திருக்கிறது, முறையே 61, 67, 72 சிசி. வெளியிலிருந்து பார்த்தால் மூன்றும் ஒன்றுதான். நான் பெரியதாகத்தான் இருக்கும் என்று நினைத்து 52 மில்லிமீட்டர் பிஸ்டன் செட் வரவழைத்துவிட்டேன், அவிழ்த்துப் பார்த்தால் உள்ளே 50. அது திரும்பிப்போய் வேறு வருவதற்குப் பதினைந்து நாள் ஆனது. அவிழ்க்காமல், அளக்காமல் ஒரு சாமானும் ஆர்டர் போடாதீர்கள்.

வாங்குவதற்கு முன் கடையிலேயே பார்க்க வேண்டியது மூன்று. ஸ்விட்சை ஆஃப் செய்துவிட்டு ஸ்டார்ட்டர் கயிற்றின் கைப்பிடியைப் பிடித்து மெஷினைத் தூக்குங்கள். மெஷின் கயிற்றில் தொங்கிக்கொண்டு, விட்டு விட்டு, ஒவ்வொரு படியாக இறங்கினால் உள்ளே கம்ப்ரஷன், அதாவது காற்றை அழுத்துகிற பலம், இருக்கிறது. வாளி கிணற்றில் இறங்குவதுபோலச் சரசரவென்று இறங்கினால் ரிங்கும் பிஸ்டனும் போய்விட்டது. கம்ப்ரஷன் அளக்கிற கேஜ் கையில் இருந்தால் 150 பிஎஸ்ஐ நல்லது, 110-க்குக் கீழே என்றால் செலவு காத்திருக்கிறது.

அடுத்தது சைலன்சர். இரண்டு மூன்று போல்ட்தான், கழற்றிவிட்டு போன் டார்ச்சை அடித்து அந்த ஓட்டைக்குள் பாருங்கள், பிஸ்டனின் பக்கவாட்டு தெரியும். கயிற்றை மெதுவாக இழுத்து அதை மேலும் கீழும் நகர்த்திப் பார்க்கலாம். நல்ல பிஸ்டன் வழவழவென்று சாம்பல் நிறத்தில், மெஷின் செய்தபோது விழுந்த மெல்லிய குறுக்குக் கோடுகளோடு இருக்கும். கெட்டது என்றால் மேலிருந்து கீழாக நகத்தால் கீறியது மாதிரி கோடு கோடாக, சில இடத்தில் அலுமினியம் உருகி இழுத்த மாதிரி இருக்கும். சைலன்சர் பக்கம் மட்டும் இந்தக் கீறல் என்றால் ஆயில் கலக்காத பெட்ரோலை யாரோ ஊற்றி ஓட்டியிருக்கிறார்கள், அல்லது எங்கேயோ காற்று உள்ளே போய்க் கலவை மெலிந்து சூடாகியிருக்கிறது. கார்புரேட்டர் பக்கம் கீறல் என்றால் ஏர் ஃபில்டர் கிழிந்து தூசி உள்ளே போயிருக்கிறது. சைலன்சரைக் கழற்றவே விடமாட்டேன் என்று கடைக்காரர் சொன்னால் பதில் கிடைத்துவிட்டது, கிளம்பிவிடலாம்.

மூன்றாவது செயின் பிரேக். முன்கைப்பிடிக்கு முன்னால் இருக்கிற தடுப்பை முன்னால் தள்ளினால் டக் என்று விழுந்து செயின் நகராமல் நிற்க வேண்டும். பாரின் மூக்கு, அதுவும் மேல் பாதி, ஏதாவது கிளையில் பட்டால் மெஷின் கண் இமைக்கும் நேரத்தில் முகத்தைப் பார்த்துத் திரும்பி எகிறும், அப்போது மணிக்கட்டு அந்தத் தடுப்பில் பட்டு செயின் நிற்பதுதான் நம்மைக் காப்பாற்றுவது. மேலே சொன்ன அந்த 070, 106 சிசி, பத்து கிலோவுக்கு மேல் எடை, பார்க்கக் கம்பீரமாக இருக்கும், மரக்கடைகளில் பெரிய கட்டைகளை அறுத்த மெஷின். நான் பார்த்த எந்த 070-இலும் செயின் பிரேக் இல்லை. நல்ல விலைக்கு வந்தாலும் தோட்டத்து வேலைக்கு அதை வாங்காதீர்கள் என்றுதான் எல்லோரிடமும் சொல்கிறேன், இதில் நான் விட்டுக்கொடுப்பதில்லை.

இனி என் 038-இன் கதை. ஐந்தாயிரத்துக்கு வாங்கினேன். சைலன்சர் பக்கம் கீறல் இருந்தது, தெரிந்தேதான் வாங்கினேன். சிலிண்டரைக் கழற்றி லேத் பட்டறைக்குக் கொண்டுபோனால் "போர் போட்டு ஓவர்சைஸ் பிஸ்டன் போட்டுடலாம்ணே" என்றார்கள். போர் போடுவது என்றால் சிலிண்டரின் உட்புறத்தைக் கடைந்து பெரிதாக்குவது, அங்கேதான் கவனம் வேண்டும். பழைய புல்லட் பைக் சிலிண்டர் இரும்பு, அதை போர் போடலாம். செயின்சா சிலிண்டர் அலுமினியம், உட்புறம் மெல்லிசான கடினப் பூச்சு மட்டும்தான், போர் போட்டால் அந்தப் பூச்சு போய்விடும், அதோடு சிலிண்டர் முடிந்தது. செய்ய வேண்டியது வேறு. பூச்சின் மேல் ஒட்டியிருக்கிற பிஸ்டன் அலுமினியத்தை மட்டும் எடுக்க வேண்டும். பாத்ரூம் கழுவுகிற ஆசிட்டைக் காது குடைகிற பஞ்சுக் குச்சியில் தொட்டு, அந்தத் தழும்பின் மேல் மட்டும் வைத்தால் நுரைத்துக்கொண்டு அலுமினியம் கரையும், துடைத்துவிட்டு மறுபடி வைக்க வேண்டும், நுரை நின்றால் அலுமினியம் போய்விட்டது என்று அர்த்தம். கையுறை, கண்ணாடி போட்டுக்கொண்டு வெட்டவெளியில் செய்யுங்கள், அக்கம்பக்கத்து ஓட்டைகளின் ஓரத்தில் பூச்சு இல்லாத அலுமினியத்தில் ஒரு சொட்டும் படக்கூடாது. அப்புறம் தண்ணீர் விட்டுக் கழுவி, நகத்தை ஓட்டிப் பார்த்தேன், எங்கேயும் மாட்டவில்லை. சிலிண்டர் பிழைத்தது. நகம் மாட்டியிருந்தால் அந்த சிலிண்டரைத் தூக்கிப்போட வேண்டியதுதான்.

ஆனால் பிஸ்டனை மட்டும் மாற்றி ஓட்டினால் புதுப் பிஸ்டனும் அதே மாதிரி கீறிக்கொள்ளும், முதல் பிஸ்டனைக் கொன்றது எது என்று தெரிந்தாக வேண்டும். திருமங்கலத்தில் ஒரு மெக்கானிக் அண்ணன், டிவிஎஸ் 50-யும் ஆர்எக்ஸ் 100-ம் பிரித்து மாட்டியே வயதானவர், டூ ஸ்ட்ரோக் என்றால் அவருக்குச் சத்தத்திலேயே தெரியும். அவர் சைக்கிள் டியூபை வெட்டி, சைலன்சர் இருக்கிற ஓட்டைக்கும் கார்புரேட்டர் இருக்கிற ஓட்டைக்கும் வைத்து இறுக்கி, பிளக் ஓட்டை வழியாகச் சைக்கிள் பம்பில் கொஞ்சமாகக் காற்றடித்தார், 7 பிஎஸ்ஐ தாண்டக்கூடாது. கிராங்கின் இரண்டு பக்கத்து சீலிலும் (காற்று புகாமல் அடைக்கிற ரப்பர் வளையம்) சோப்புத் தண்ணீரைத் தடவினார். கிளட்ச் பக்கம் ஒன்றுமில்லை. மேக்னெட் பக்கம் சின்னச் சின்னதாகக் குமிழி வந்துகொண்டே இருந்தது. அந்த சீல் வழியாகத்தான் காற்று உள்ளே போயிருக்கிறது. இந்தக் குறை உள்ள மெஷின் ஆக்ஸிலேட்டரை விட்டாலும் சத்தம் இறங்காமல் கொஞ்ச நேரம் அலறிக்கொண்டே இருக்கும், அப்படி ஒரு மெஷினைப் பார்த்தால் உடனே ஆஃப் செய்துவிடுங்கள்.

கார்புரேட்டரைப் பிரித்தபோது டயாப்ரம் என்கிற மெல்லிய சவ்வு அப்பளம் மாதிரி விறைத்திருந்தது, ஒரு ஓரத்தை மடித்தால் உடைந்தது. புதுசு ரப்பர் துணி மாதிரித் துவண்டு நிற்கும். இதற்குக் கிட் வாங்கும்போது மெஷின் பெயரைச் சொல்லாமல் கார்புரேட்டர் மேலேயே அடித்திருக்கிற பெயரையும் எண்ணையும் சொல்லுங்கள், வால்ப்ரோ, டில்லட்சன், ஸாமா என்று ஒரே மாடலுக்கு வேறு வேறு வந்திருக்கும். பெட்ரோல் குழாயும் டேங்குக்குள் இருக்கிற ஃபில்டரும் பார்க்காமலே மாற்றிவிட வேண்டியவை. 2025-இலிருந்து பங்கில் 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல்தான் பரவலாக வருகிறது, பழைய ரப்பருக்கு அது ஆகாது, ஈரத்தையும் இழுக்கும். வேலை முடிந்தால் டேங்கைக் காலிசெய்து, கார்புரேட்டரில் இருப்பது தீர்கிற வரை ஓட்டி நிறுத்துங்கள். எத்தனை மெஷின் ஆறு மாசம் பெட்ரோலோடு கிடந்தே பழைய இரும்புக் கடைக்கு வந்திருக்கிறது என்று நினைத்தால் வயிறு எரிகிறது.

செலவு இது: பிஸ்டன் செட் 1,400, சீல் இரண்டு 300, டயாப்ரம் கிட் 450, குழாயும் ஃபில்டரும் 300, பிளக் 150, புது பார் 1,600, செயின் 1,100, அண்ணனுக்குக் கூலி 1,200. மொத்தம் 6,500, வாங்கிய விலையோடு 11,500. ஆறு வருஷமாக ஓடுகிறது. பெட்ரோல் லிட்டருக்கு 40 மில்லி சாதாரண 2டி (டூ ஸ்ட்ரோக்) ஆயில், 25-க்கு 1. நல்ல செயின்சா ஆயில் என்றால் லிட்டருக்கு 20 மில்லி போதும். கார்புரேட்டரில் பெட்ரோல் அளவைக் கூட்டிக் குறைக்கிற எல், எச் இரண்டு ஸ்க்ரூவையும் முழுக்க மூடி ஒரு சுற்று திறந்து ஆரம்பித்தோம், பிறகு சத்தத்தை வைத்து ட்யூன் செய்தோம். மரத்தில் வைக்காமல் முழு ஆக்ஸிலேட்டர் கொடுத்தால் சத்தம் லேசாகக் கரகரக்க வேண்டும், மரத்தில் வைத்ததும் தெளிய வேண்டும். சும்மா இருக்கும்போதே விசில் மாதிரி கீச்சென்று கத்தினால் ஆயிலும் பெட்ரோலும் போதாமல் ஓடுகிறது.

இப்போது சீன 58 சிசி. இதை வாங்காதே என்று சொல்ல மாட்டேன். பக்கத்துத் தோட்டத்துக்காரர் ஒன்று வைத்திருக்கிறார், இரண்டு வருஷமாகக் கருவேலம் வெட்டுகிறார். அதன் பெரிய பலம் சாமான், கார்புரேட்டர் பிஸ்டன் கிளட்ச் எல்லாம் குறைந்த விலையில் எங்கும் கிடைக்கும், ஏனென்றால் பத்துப் பெயரில் விற்றாலும் உள்ளே ஒரே மெஷின். பலவீனம் பெட்டியோடு வருகிற செயின், அது கருவேலத்தில் அரை மணி நேரத்தில் மொட்டையாகிறது, நல்ல செயின் தனியாக வாங்க வேண்டும். ஆயில் பம்ப் போதுமான அளவு பாருக்கு ஆயில் அனுப்புகிறதா என்று வெள்ளைக் காகிதத்தின் மேல் மூக்கைக் காட்டி ஓட்டிப் பாருங்கள், ஆயில் கோடாகத் தெறிக்க வேண்டும். போல்ட்டுகளை முதல் நாளே ஒருமுறை இறுக்குங்கள், சைலன்சர் போல்ட் கழன்று விழுந்ததை நானே பார்த்தேன். அவருடையதில் செயின் பிரேக் முதல் மாசத்திலேயே விழவில்லை, சொல்லிச் சொல்லி மாற்ற வைத்தேன். ரிப்பேர் தெரிந்தவர் கைக்கு அது சரிப்படும். எதுவும் தெரியாதவருக்கு வேண்டாம்.

நல்ல கம்பெனி சின்ன மெஷின், உதாரணத்துக்கு எம்எஸ் 180, 31.8 சிசி, பார் இல்லாமல் நாலு கிலோவுக்குள். சின்னது என்று நினைக்க வேண்டாம், எங்கள் ஊர் கருவேலம் பெரும்பாலும் ஒரு அடிக்குள்தான், தென்னையும் ஏறக்குறைய அப்படித்தான். என் 038 பார் இல்லாமலே ஆறரை கிலோவுக்கு மேல், முள்ளுக்குள் குனிந்து நாள் முழுக்கக் கிளை கழிக்கும்போது அந்த எடை இடுப்பில் தெரிகிறது. மாசத்துக்கு இரண்டு மூன்று நாள் வேலை, ரிப்பேரில் கை வைக்கிற பழக்கம் இல்லை என்றால் யோசிக்காமல் இதற்குப் போகலாம்.

பேட்டரி மெஷின் வீட்டு மாடியை உரசுகிற கொய்யாக் கிளை கழிக்க நன்றாக இருக்கிறது. காய்ந்த கருவேல அடிமரத்துக்கு நான் ஓட்டிப் பார்த்த மெஷின் போதவில்லை.

எதை வாங்கினாலும் செயினைக் கவனிக்காமல் முடியாது, அதைப் பற்றிக் கொஞ்சம். அடுத்தடுத்த மூன்று ரிவிட்டின் தூரத்தை அளந்து இரண்டால் வகுத்தால் 9.5 மில்லிமீட்டர் வந்தால் அது 3/8 இன்ச் செயின், 8.25 வந்தால் .325 இன்ச். பாரின் பள்ளத்தில் ஓடுகிற பல்லின் கனம் 1.3, 1.5, 1.6 என்று மாறும், அது பாரோடு பொருந்த வேண்டும், அப்புறம் அந்தப் பற்களை எண்ணிக்கொண்டு கடைக்குப் போங்கள். பெரிய 3/8-க்கு 5.2 மில்லிமீட்டர் வட்ட அரம், .325-க்கு 4.8, சின்ன மெஷின்களின் 3/8-க்கு 4. தென்னை நார் ஸ்ப்ராக்கெட்டை (செயினை ஓட்டுகிற பல் சக்கரம்) சுற்றிக்கொண்டு அடைத்துவிடும், மரத்துக்கு ஒருமுறை மூடியைத் திறந்து எடுங்கள். கருவேலத்தைத் தரையோடு அறுக்கும்போது பட்டையில் ஒட்டிய மண் ஒரே அறுப்பில் செயினை மழுக்கும், அடியை முதலில் மண்வெட்டியால் செதுக்கிவிட்டு வையுங்கள். பழைய இன்ஜின் ஆயிலைப் பாருக்கு ஊற்றுகிற வழக்கம் நம் பக்கம் நிறைய, அதில் இருக்கிற உலோகத்தூள் பம்பைத் தின்றுவிடும்.

நேற்று மாப்பிள்ளை மறுபடி போட்டோ அனுப்பினார். டீசல் போட்டுத் தேய்த்ததில் மூன்று இடத்தில் 1123 தெரிகிறது, சீரியல் எண் கை படாமல் இருக்கிறது, 45 சிசி எம்எஸ் 250 ஆக இருக்கலாம், 021 ஆகவோ 023 ஆகவோகூட இருக்கலாம், அளந்தால்தான் தெரியும். செயின் பிரேக் இருக்கிறது. அவருக்கு எடையும் தோது, சாமானும் மதுரையிலேயே கிடைக்கும், திருமங்கலம் அண்ணனும் இருக்கிறார். ஆறாயிரம் அதிகம். சனிக்கிழமை நானும் கூட வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். சைலன்சரைக் கழற்றிப் பார்த்துப் பிஸ்டன் வழவழப்பாக இருந்தால் நாலாயிரத்து ஐநூறு வரை போகலாம், கீறல் இருந்தால் மூவாயிரம், அதற்கு மேல் கேட்டால் பக்கத்துக் கடையில் டீ குடித்துவிட்டுத் திரும்பிவிடுவோம், இந்த வருஷம் தென்னைக்கு மெஷின்காரரையே கூப்பிட்டுக்கொள்ளலாம்.